மூன்று தட்டு

“அந்த மூட்டையையும் இந்த மூலையிலயே போட்டுடுங்கண்ணே. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் பரவாயில்ல.”

வண்ண மீன் கடைக்காரர் மூச்சு வாங்கியபடி நாலாவது மணல் மூட்டையையும் பாயின்மேல் தொப்பென்று போட்டார். அவள் கேட்டாளென்று கடையிலிருந்து கொண்டுவந்தது; தொட்டிக்குள் அடியில் பரப்புகிற மணல்தான். ஆனால் மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. அவர் இடுப்புக்கு வயது ஐம்பத்தைந்து.

மூட்டை விழுந்ததுதான் தாமதம், அறையிலிருந்த பத்துத் தொட்டிகளிலும் கப்பி மீன்கள் ஒட்டுமொத்தமாக மேலே பாய்ந்து வாயைத் திறந்தன.

“அட, மாப்பிள்ளைதான் மோதிரத்தால தட்டுறார்னு நினைச்சுக்கிச்சு!” என்று கடைக்காரர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை என்று அவர் உரிமையோடு சொன்னது அவளுடைய கணவனை. வாரா வாரம் கடைக்கு ஐம்பது ஜோடி கப்பி அவனிடமிருந்துதான் வரும். தீனி போடுவதற்கு முன் கல் மோதிரத்தால் இரும்பு ஸ்டாண்டில் மூன்று தட்டு தட்டுவான். டக், டக், டக். மீன்கள் ஓடி வரும். ‘மணி அடிச்சா சோறுதான் போ’ என்று கடைக்காரர் கேலி செய்வார், அதுவும் அறை வாசலில் நின்றுகொண்டுதான். உள்ளே யாரையும் அவன் விடமாட்டான். இன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக உள்ளே கால் வைத்திருக்கிறார்.

“எங்க போயிருக்கார்? நாலு நாளா போனையும் எடுக்கல. இந்த வாரம் மீன் வரலைன்னா நான் கடையில ஈ ஓட்டணும்.”

“புது ரகம் வாங்கப் போறேன்னு கிளம்பினார். எப்ப வருவார்னு தெரியல.”

சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அவர் பார்த்துவிட்டார். இடது கன்னத்தில் பட்டாணி அளவுக்குக் கன்றிப்போயிருந்தது.

“கதவு இடிச்சுடுச்சு” என்றாள், அவர் கேட்காமலே.

அந்த வீட்டுக் கதவு மாதத்துக்கு ஒரு தடவையாவது அவளை இடிக்கும். கடைக்காரருக்கு அது தெரியாததல்ல. வாயைத் திறந்தால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வான், மீன் வேறு கடைக்குப் போய்விடும். அதனால் இத்தனை வருஷமாகக் கதவின் மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். இன்றும் அப்படித்தான் இருந்தார். மனசு மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.” அவள் தொட்டிகள் பக்கம் திரும்பினாள். “யாரும் தட்டாமலே இதுங்க மேல வருது. காலையிலேருந்து அஞ்சாறு தடவை. அவர் இங்கயே நிக்கிற மாதிரி இருக்கு.”

“பழக்க தோஷம். வேற ஒண்ணும்…”

அவர் முடிக்கவில்லை. பத்துத் தொட்டிகளிலும் மீன்கள் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தன. ஸ்டாண்டை யாரும் தொடவில்லை. தெருவில் ஒரு வண்டிகூடப் போகவில்லை. கடைக்காரர் ஸ்டாண்டிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

“மீனுக்கு உடம்பெல்லாம் காதும்மா” என்றார், தனக்கே தைரியம் சொல்வதுபோல. “நமக்குக் கேக்காதது அதுக்குக் கேக்கும்.”

அவள் ஒரு தொட்டியில் மிதந்த சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டினாள். சினை மீன் ஒன்று தனியாக அதற்குள் அடைபட்டுக் கிடந்தது. வெளியே விட்டால், போட்ட குட்டியைத் தானே தின்றுவிடும்.

“இப்படி அடைச்சு வெச்சா, தீனி இல்லாம எத்தனை நாள் இருக்கும்ணே?”

“கெட்டி உசுரு. தண்ணி இருந்தாப் போதும், ஒரு வாரம்கூடத் தாங்கும்.”

“ஒரு வாரமா!” என்றவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பாவம், வாயில்லாப் பிராணிமேல் இவ்வளவு இரக்கமா என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். காற்று மோட்டார்கள் பத்தும் வண்டுக் கூட்டம்போல் இரைந்துகொண்டிருந்தன.

“இந்த இரைச்சலைக் கொஞ்சம் நிறுத்துவோம். அதுங்களுக்கு அப்படி என்னதான் கேக்குதுன்னு நாமளும் கேப்போம்.”

“வேண்டாம்ணே! மீன் செத்துடும்!”

கடைக்காரருக்கு வியப்பாக இருந்தது. இந்த மீன்களையெல்லாம் ஒருநாள் சாக்கடையில் கொட்டப்போகிறேன் என்று போன மாதம் அவரிடம் அழுதவள் இவள்தான்.

“ஒரு நிமிஷத்துல ஒண்ணும் சாகாது தங்கச்சி.” சுவிட்சை அணைத்தார்.

குமிழிகள் அடங்கின. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. அப்புறம் எங்கோ ஆழத்திலிருந்து, மெல்ல, இரும்பில் கல் பட்டது.

டக்.

டக்.

டக்.

மீன்கள் மேலே வந்தன. சத்தம் வந்த இடம் அவர் அடுக்கிய மூட்டைகளுக்கு அடியில். கடைக்காரர் பாய்ந்துபோய்ப் பாயின் ஓரத்தைப் புரட்டினார். கீழே, மேலிருந்து தாழ் போட்ட இரும்பு மூடி. மீன்களுக்கு மாற்றுவதற்கான தண்ணீரைத் தேக்குகிற தரையடித் தொட்டி அது. மாதம் ஒரு தடவை தண்ணீரை இறைத்துவிட்டு, தானே உள்ளே இறங்கிக் கழுவுவதாக மாப்பிள்ளை பெருமையடித்துக்கொள்வான்.

அவர் பாயை விட்டுவிட்டுத் திரும்பினார். அவள் கன்னத்தைத் தடவியபடி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு நாளாச்சே அண்ணே… இன்னுமா தட்டுறார்?”