பாலத்துக்கு அந்தப் பக்கம்

“கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாடா” என்றார் பண்ணையார் நல்லுசாமி.

என் வீட்டுக்காரர் தர்மன் கழற்றவில்லை. மேலத்தெரு நடுவில் அப்படியே நின்றார்.

அவர் காலில் கிடந்ததைச் செருப்பு என்பதா, பூட்ஸ் என்பதா, எனக்கே தெரியாது. மேலே தோல், அடியில் முழு மரக்கட்டை. சண்டைக்குப் போய்விட்டு மூன்று வருஷம் கழித்து வந்தவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான். அவர் காலுக்கு ஒரு விரற்கடை பெரிது. நடந்தால் டொக் டொக் என்று தெருக்கோடி வரை கேட்கும்.

எங்கள் ஆட்கள் மேலத்தெருவில் காலில் எதையாவது போட்டுக்கொண்டு நடந்ததாக என் பாட்டன் காலத்திலிருந்தே சேதி கிடையாது.

“பாதக்கட்டை மாட்டிக்கிட்டுச் சாமியாராப் போயிட்டான்டா” என்று வேப்பமரத்தடியில் ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் கையில் கம்பு இருந்தது.

பொதுவாக நான் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் போன வருஷம் என் தம்பி மாயவனைச் சைக்கிளிலிருந்து இறக்கி அடித்தது இதே தெருவில்தான். இன்றைக்கும் அவனுக்கு இடது கை தூக்க வராது.

“குடுங்க, நான் மடியில கட்டி எடுத்துட்டு வரேன்” என்று காதோடு சொன்னேன்.

அவர் காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

வரச் சொன்னதே பண்ணையார்தான். காரைக்காலில் உத்தியோகம் பார்க்கும் அவர் மாப்பிள்ளை சாமிதுரை வந்திருந்தார். பிரெஞ்சுக்காரனிடம் சம்பளம் வாங்குகிறவர், ஆனால் பிரான்சு தேசத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அங்கேயே இருந்துவிட்டு வந்த ஒருத்தன் சேரியில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அது கிடக்கட்டும் மாமா. முதல்ல அந்த ஊரைப் பத்திச் சொல்லட்டும்” என்றார்.

இவர் தெருவில் நின்றபடியே சொன்னார். சேரியில் நாங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த கதைதான்.

ஆறு நம் மருதையாற்று அகலம்தான் இருக்கும், ஆனால் வருஷம் பூராவும் தண்ணீர். இரண்டு பக்கமும் குன்று. ஒரு குன்றின் மேல் இடிந்த கோட்டை. கீழே மாதா கோயில், அதன் கோபுரத்து உச்சியில் காற்றடிக்கும் பக்கம் திரும்புகிற தகரச் சேவல். ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் மாவு அரைக்கிற மில். அதைத் தாண்டி மூன்று வளைவு வைத்த கல்பாலம்.

மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கோட்டைக்குள் என்ன இருந்தது, கோயிலுக்குள் என்ன இருந்தது என்று துளைத்தெடுத்தார்.

“பாத்தேங்க” என்றார் இவர். எதைக் கேட்டாலும் அதே பதில். உள்ளே போனேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கே அது உறைத்தது.

கதை பாலத்தில் வந்து நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும். மேலே கேட்டால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அக்கரையில் எவளாவது இருந்தாளா என்று நான் ஒரு நாள் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?” என்றார் மாப்பிள்ளை.

இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

பண்ணையாருக்குப் பொறுமை போய்விட்டது. “கதை போதும். நீயாக் கழட்டுறியா, ஆளை வச்சுக் கழட்டட்டுமா?”

கம்பு வைத்திருந்த இருவரும் தெருவுக்கு இறங்கி வந்தார்கள். நான் குனிந்து அவர் காலில் கை வைத்தேன். கழற்றிவிடலாம் என்றுதான். அவர் என் தோளைத் தொட்டு எழுப்பினார்.

பிறகு பண்ணையாரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“ஜெர்மன்காரன் எங்களைப் புடிச்சு அடைச்சு வச்சிருந்த எடத்துல குண்டு விழுந்துச்சுங்க. வெறுங்காலோட ஓடுனேன். அந்த மில்லுக்காரருதான் என்னை மச்சுல ஒளிச்சு வச்சுச் சோறு போட்டாரு. கோட்டை, கோயிலு, சேவலு எல்லாம் அவரு கை காட்டக் காட்ட ஓட்டு இடுக்கு வழியாப் பாத்ததுதான். ஒரு நாள் விடியக்காலம், அக்கரைக்குத் தப்பிச்சுப் போயிடுன்னு பாலத்துகிட்ட கூட்டியாந்தாரு. மண்டி போட்டு, என் காலைப் புடிச்சு, தன் காலுல கெடந்த இதைக் கழட்டி எனக்கு மாட்டிவுட்டாரு. அக்கரை ஏறித் திரும்பிப் பாக்குறேன், ஜெர்மன்காரனுவ அவரைச் சுட்டுட்டானுவ. வெறுங்காலோட கெடந்தாருங்க.”

மாப்பிள்ளை அந்த மரக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு ஒருத்தரு கழட்டுனது போதுங்க” என்றார் இவர். பண்ணையாரிடம் எங்கள் ஆட்கள் வாய்க்கு வாய் சொல்கிற ‘ஆண்டே’யை அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சொல்லிவிட்டு நடந்தார். சேரிக்குத் திரும்புகிற வழியில் அல்ல. மேலத்தெருவின் அந்தக் கோடியைப் பார்த்து, டொக் டொக் என்று.

கம்புக்காரர்கள் பின்னால் வருகிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் ஓரமாகவே நடந்தவள், நடுவுக்கு வந்து அவர் பக்கத்தில் நடந்தேன்.