பட்டத்து யானையின் பின்னங்கால்

"ஏனுங்க மேனேஜர், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நான் ராசாவா நின்னுக்கறனுங்க!"

தம்பிதுரை கெஞ்சினான். போத்தனூர் வாலிபர் சபையின் மேனேஜர் சுந்தரராஜுலு, யாருக்கோ மீசை ஒட்டிக்கொண்டிருந்தவர், திரும்பியே பார்க்கவில்லை.

"பாட்டு வருமா?"

"வராதுங்க."

"வசனம்?"

"கொஞ்சூண்டு வருமுங்க."

"பின்னங்கால் உனக்கு நல்லா வருது. அதைச் செய்யப்பா."

கோடை வந்தால் அந்தச் சபையில் ஒரு மாதம் நாடகப் பயிற்சி நடக்கும். ரயில்வேக்காரர்களும் மில்காரர்களும் வேலை முடிந்து வந்து கற்றுக்கொள்வார்கள். கடைசி நாள் கொட்டகையில் நாடகம். இந்த வருஷம், ராஜா இல்லாத ஒரு தேசத்தின் கதை. பட்டத்து யானை யார் கழுத்தில் மாலை போடுகிறதோ அவன்தான் ராஜா. யானையை மூங்கிலிலும் கறுப்புக் கம்பளியிலும் செய்திருந்தார்கள். உள்ளே இரண்டு ஆள். முன்னங்கால் கருப்புசாமி, பின்னங்கால் தம்பிதுரை.

"உங்க மாமனாருகிட்ட என்னதானுங்கண்ணா சொல்லிப்போட்டீங்க?" என்று கேட்டான் கருப்புசாமி.

"பொண்ணு பார்க்கப் போனப்ப, சபையில நாந்தான் ராஜபார்ட்டுன்னு சொல்லிப்போட்டேன்டா. மனுசனுக்கு நாடகம்னா உசுரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ராசாத்தாளைக் கட்டியே குடுத்தாரு. இப்ப என்னடான்னா, நான் ராசாவா நிக்கறதப் பார்க்கோணும்னு உடுமலைப்பேட்டையில இருந்து குடும்பத்தோட ரயிலேறி வந்து முன்வரிசையில உக்காந்திருக்காரு!"

"தெரிஞ்சுதுன்னா?"

"புள்ளையக் கையோட கூட்டிக்கிட்டு அடுத்த ரயிலுக்குப் போயிருவாரு. பொய்யின்னா அவருக்கு ஆகவே ஆகாது."

கருப்புசாமி 'ச்சு' கொட்டினான். தம்பிதுரை மறுபடியும் மேனேஜரிடம் ஓடினான். இந்தத் தடவை மந்திரி வேஷமாவது கேட்டான். அதுவும் கிடைக்கவில்லை. அழாத குறையாகக் கொஞ்ச நேரம் ஒரு மூலையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது. யானையின் முன்பாதி தயாராக நின்றது. அவன் குனிந்து பின்பாதிக்குள் புகுந்து, முன்னால் இருந்த இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டான். பின்னங்காலுக்குக் கண் கிடையாது. முன்னங்கால் போகிற இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

யானை மேடை ஏறியது. ஒரே கைதட்டல்.

"டேய், உனக்குத்தான் பார்க்கறதுக்கு ஓட்டை இருக்குதே," தம்பிதுரை கம்பளிக்குள் கிசுகிசுத்தான். "ராசாத்தா என்ன பண்றா?"

"சிரிக்குதுங்க," முன்னங்காலும் கிசுகிசுத்தது.

"எங்க மாமியா?"

"அந்தம்மாவும் சிரிக்குதுங்க. அதுக்குச் சிரிக்கத் தெரியுமான்னு ஆச்சரியமா இருக்குதுங்க."

"சிரிக்கட்டும், சிரிக்கட்டும். ராசாவா வருவான்னு பார்த்த மாப்ளை யானைக்கு வாலாட்டறான்னு தெரிஞ்சா, அப்புறம் இருக்குது எனக்கு. எங்க மாமனாரு இருக்காரே... அவருக்கு நாடகம் பார்க்கத்தான்டா தெரியும். மேடையில ஏத்திவிட்டா அரை நிமிசம் தாங்குவாரா? தொடை நடுங்கிப்போயிரும்!"

முன்னங்கால் திடீரென்று குதித்தது. இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு, பிறகு ஒரு முழுச் சுற்று. ஒத்திகையில் இல்லாத ஆட்டம். தம்பிதுரை துண்டை விடாமல் இழுபட்டுக்கொண்டே ஓடினான்.

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" கொட்டகை அதிர்ந்தது.

"டேய் கருப்புசாமி! கிறுக்குப் புடிச்சுப்போச்சாடா? நான் பின்னால ஒருத்தன் இருக்கறேன்டா!"

"தெரியுதுங்க," என்றது முன்னங்கால்.

மாலை போடும் கட்டம் வந்தது. ராஜபார்ட்காரர் மார்பை நிமிர்த்திக் கழுத்தை நீட்டினார். யானை மாலையோடு அவர் முன்னால் போய் நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தது. தலையை ஆட்டியது. பிறகு தும்பிக்கையை ஒரு வீசு வீசித் தன் பின்பக்கத்தின் மேலேயே மாலையைப் போட்டுக்கொண்டது.

முதுகில் பொத்தென்று என்னவோ விழுந்ததில் தம்பிதுரை திடுக்கிட்டான். கொட்டகையில் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். ராஜபார்ட்காரர் நீட்டிய கழுத்தை உள்ளே இழுக்கவும் மறந்து நின்றார்.

"திரையைப் போடுங்கடா!" என்று அலறினார் மேனேஜர்.

திரை விழுந்தது. தம்பிதுரை கம்பளியிலிருந்து பாதி வெளியே வந்து, கையை ஓங்கினான்.

"அண்ணா! அண்ணா!" என்று பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தான் கருப்புசாமி. கையில் தண்ணீர்ச் சொம்பு. "மன்னிச்சுப்போடுங்கண்ணா! மணியடிக்கற நேரத்துல வவுறு கலக்கிப்போட்டுது. ஆட்டம் முடிஞ்சுபோச்சுங்களா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. தம்பிதுரை கருப்புசாமியைப் பார்த்தான். யானைத் தலையைப் பார்த்தான். அந்தத் தலை மெதுவாகக் கழன்றது. உள்ளேயிருந்து, வேர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார் மாமனார் செங்கோடன்.

"உங்களை ராசா வேசத்துல கிட்டப் பார்க்கலாம்னு உள்ள வந்தனுங்க மாப்ளை. 'நல்ல ஒசரமா இருக்கறே, நுழைய்யா'ன்னு உங்க மேனேஜருதான் இதுக்குள்ள தள்ளிவிட்டுப்போட்டாரு," என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "நம்ம மாப்ளை பின்னால நிக்கறப்ப, வேற எவனுக்கோ மாலை போட எனக்கு மனசு வரலீங்க."