அஞ்சாம் வருஷத்து முட்டை

"நாலு வருஷப் படிப்ப நீ அஞ்சு வருஷம் படிச்சா சபை என்ன செய்யும் மக்களே? உதவி நாலு வருஷத்துக்குத்தான். விதி!"

சர்ச்சு படிப்பு நிதிப் பொருளாளர் ஞானையன் கண்ணாடியக் கழத்தி வேட்டியில துடைச்சுக்கிட்டே சொன்னாரு.

ரெஜிலா கண்ணத் தொடச்சுக்கிட்டா. "மாமா, நான் பெயிலாவல்ல. மஞ்சக்காமாலையில ஒரு வருஷம் போச்சு. இருவதாயிரம் கெட்டல்லன்னா காலேஜுல கேற விடமாட்டாவ."

கமிட்டியில வேதமணியும் இருந்தாரு. ஞானையன் கிழக்குன்னா இவரு மேற்கு. கோயிலுக்கு ஃபேன் மாட்டுனதுல தொடங்குன சண்டை, ஃபேன் துருப்பிடிச்சும் தீரல்ல. அவராவது எதுத்துப் பேசுவாருன்னு ரெஜிலா பாத்தா.

"விதின்னா விதிதான்"னாரு வேதமணி.

ஆயுசுல ஒரு தடவை ரெண்டுபேரும் ஒத்துப்போனாவ, அதுவும் அவ வயித்துல அடிக்கதுக்கு!

"அழாத பிள்ளே. அறுப்பின் பண்டிகை காணிக்கை ஏலத்துக்கு என்ன கொண்டுவந்த?" ஞானையன் கேட்டாரு.

"முட்டை. ஒண்ணே ஒண்ணு."

"போய் மேசையில வையி."

கோயில் முற்றத்துல வாழைக்குலை போச்சு, மரச்சீனி போச்சு, தேங்காய் போச்சு. ஏலம் விட்ட ரெனிஷ் மைக்க வாயோட ஒட்டிக்கிட்டான். "அடுத்து, ரெஜிலா தந்த நாட்டுக்கோழி முட்டை! பத்து ரூவா!"

"நூறு!" ஞானையன்.

"ஐநூறு!" வேதமணி.

"ஆயிரம்!"

"ரெண்டாயிரம்! அந்தாளு முட்டை திங்க நான் விடமாட்டேன்!"

"அஞ்சாயிரம்! ஓய், உம்ம வீட்டுல முட்டையக் கண்ணால கண்டிருக்கியளா?"

"பத்தாயிரம்! நான் தினம் ரெண்டு குடிக்கேன் வே!"

"அதான் ரெண்டு எட்டு நடந்தா மூச்சு வாங்குகு! பதினஞ்சு!"

"சட்டுன்னு முடிங்க மாமா, குஞ்சு பொரிச்சிரும்!" ரெனிஷ் "கீச்சு கீச்சு"ன்னு மைக்குல கத்திக் காட்டுனான். பெண்ணுங்க வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சாவ.

ரெஜிலாவுக்கு மட்டும் பத்திக்கிட்டு வந்துது. படிப்புக்கு விதி பேசுன வாயி, வீம்புக்கு இப்படி வாரி இறைக்கே!

"பதினெட்டு!" வேதமணி.

"இருவதாயிரம்!" ஞானையன் பெஞ்சு மேல ஏறிட்டாரு.

வேதமணி நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" ரெனிஷ் கூப்பிட்டான். "ஏட்டி ரெஜிலா, இங்க வா. காணிக்கை கொண்டுவந்த ஆளுதானே காசு எதுக்குன்னு சொல்லணும்? நம்ம சபை வழக்கம். என்ன எழுதட்டு?"

ரெஜிலா மைக்குப் பக்கத்துல போய் நின்னா.

பெஞ்சு மேலயிருந்து ஞானையன் சத்தம் போட்டாரு: "விதியில இல்லாத செலவு என்னவாவது உனக்குத் தெரியுமா பிள்ளே?"

அவளுக்கு அப்பத்தான் உறைச்சுது. "அஞ்சாம் வருஷ ஃபீஸு!"ன்னு மைக்குலயே அலறுனா.

கைதட்டு ஓஞ்சதும், ஞானையனுக்கு நன்றி சொல்ல கோயிலுக்குப் பின்பக்கம் ஓடுனா.

அங்க வேதமணி பத்தாயிரத்த ஞானையன் சட்டைப் பையில திணிச்சுக்கிட்டு நிக்காரு.

"காசுல பாதி தந்தாச்சு. இனி அந்த முட்டைய அவிச்சு, எனக்க பாதியத் தாரும் வே!"