நாற்பது மொட்டைகள்

கடப்பாரை முதலில் புத்தகக் கடையின் கண்ணாடியில்தான் விழுந்தது.

தேவகி நாற்காலியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி புத்தக மேஜையில் விழுந்தது. ‘புது வரவு’ என்று அவள் கைப்பட எழுதி வைத்திருந்த அட்டை எங்கோ பறந்தது.

அடித்தவன் தணிகைமணி. திருத்தணியில் கல்யாண மண்டபமும் நாலு லாரியும் வைத்திருப்பவன். கூட வந்த இருவர் அலமாரிகளைக் கவிழ்த்தார்கள். தேர்தல் அரசியல், எல்லைப் போராட்டம், சோழர் வரலாறு என்று அவள் பார்த்துப் பார்த்துப் பிரித்து அடுக்கியதெல்லாம் தரையில் ஒரே குவியலாகக் கிடந்தது.

அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். விசைத்தறித் தொழிலாளர் போராட்டத்தின் வரலாறு. போன வாரம்தான் வந்தது. அதிலிருந்த ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியிருந்தாள் தேவகி.

இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய ஆடிக் கிருத்திகை. மலையடிவாரத்தில் சங்க ஊர்வலத்தை மறித்து நிற்கும் நாற்பது பேர். முதலாளிகள் கூட்டிவந்த ஆட்கள். முடி இறக்க வந்த பக்தர்கள் என்று சொல்லிக்கொள்ள வசதியாக எல்லோரும் மொட்டை போட்டிருந்தார்கள். தலை முழுக்கச் சந்தனம், இடுப்பில் மஞ்சள் வேட்டி. ஏழெட்டுக் கைகளில் கட்டை. சங்கத் தலைவர் முனிரத்தினம் மண்டை பிளந்து கீழே கிடக்கிறார்.

கொலை வழக்கு நிற்கவில்லை. நாற்பது மொட்டையில் எந்த மொட்டையைக் காட்டுவது என்று சாட்சிகள் கையை விரித்துவிட்டார்கள்.

தணிகைமணி தேவகியின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து மேஜையில் மோதினான். உதடு கிழிந்தது. ஒரு பல் ஆடியது. வெளியே, அன்று காலைதான் மொட்டை போட்டுக்கொண்ட பக்தர்கள் சந்தனத் தலையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. இன்று செத்துவிடுவோம் என்றே அவள் நினைத்தாள்.

அவன் ஒரு பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தை அவள் முகத்துக்கு நேரே விரித்தான்.

“நாப்பது மொட்டை நிக்கிது. என்னை மட்டும் எவன்டி காட்டிக் குடுத்தான்?”

வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு, இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

பதிலுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கண்ணாடி கீறி ரத்தம் வடிந்துகொண்டிருந்த விரலால் அவன் படத்தைக் குத்தினான். இடமிருந்து மூன்றாவது மொட்டை.

“ஆங், தெரியாத மாதிரி நடிச்சிகினு இருக்கியா? இதோ, அவனை அடிச்சிட்டு கட்டையோட நிக்கறனே, நான்தான்.”

படத்துக்குக் கீழே இரண்டு வரி அச்சாகியிருந்தது. அடித்தது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை என்று போட்டிருந்தது. புத்தகத்தை எரிக்க வந்தவனுக்கு அதைப் படிக்கப் பொறுமை இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கடப்பாரையோடு வந்து சொன்ன ஆள் இந்த ஊரில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

பிரதியை வீசிவிட்டு அவள் வயிற்றில் ஓர் உதை விட்டான். வாசல் படத்தைக் கிழித்து, கையில் அகப்பட்ட மற்றப் பிரதிகளோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். போய்விட்டார்கள்.

தேவகியால் எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்து போய் அந்தப் பிரதியை எடுத்தாள். மூன்றாவது மொட்டையின் மேல் அவன் விரல் ரத்தம் ஈரமாக இருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

ஒன்பது வயதிலிருந்து, எதிரில் வந்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனையும் மனசுக்குள் மொட்டையடித்து, இவனா, இவனா என்று பார்த்து வந்தவள் அவள். அந்தக் கண்களுக்கு இன்றுதான் ஓய்வு.

படத்தில் மண்டை பிளந்து கீழே கிடந்தவரின் முகத்தில் தெறித்திருந்த துளியை மட்டும் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

“ஆள் கெடச்சிட்டான், நைனா.”