நாடிப் பரீட்சை

"டாக்டருக்கே நாடி பார்க்கத் தெரியலன்னு ஃபெயில் போட்டிருக்கா. இதை நான் சும்மா விடுறதா?"

ஒனிஹங்காவில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சீன வைத்தியப் பள்ளியின் படியில் நின்று கொதித்தாள் சுந்தரி.

அவள் கையைப் பிடித்து இழுத்தாள் கூடப் படிக்கும் ரதிதேவி. "விடுங்கோ சுந்தரி. அடுத்த வருசம் திரும்ப எடுக்கிறன். பெரிசாக் கதைக்காதேங்கோ."

மன்னார் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவள் ரதிதேவி. அந்தப் பட்டம் இந்த நாட்டில் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பகலில் கோழி ஃபாக்டரியில் பேக்கிங், சாயங்காலம் இந்தப் படிப்பு. இரண்டு பேரும் பாஸானதும் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு கடை பிடித்து ஊசி வைத்தியம் தொடங்குவதாகப் பேச்சு. அதில்தான் இப்போது மண் விழுந்துவிட்டது.

கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொருவரை வீட்டிலிருந்து கூட்டி வர வேண்டும். ஒருத்தி கூட்டி வந்தவருக்கு இன்னொருத்தி நாடி பார்த்து, எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆல்பனியில் காலேஜ் படிக்கிற மகள் ரஷ்மியை, வரமாட்டேன் என்றவளை, வம்படியாக இழுத்து வந்திருந்தாள் சுந்தரி. ரஷ்மியின் கை ரதிதேவிக்கு வந்தது.

மூன்று விரலை வைத்து வெகுநேரம் பார்த்த ரதிதேவி, "சாதாரண நாடிதான்" என்றாள். அதே கையைப் பிறகு பிடித்துப் பார்த்த டீச்சர் மிஸஸ் லியூ, வாயே திறக்காமல் ஃபெயில் என்று எழுதிவிட்டாள்.

சுந்தரி ரதிதேவியை உதறிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"என் பொண்ணு குத்துக்கல்லு மாதிரி இருக்கா. அவளுக்குச் சாதாரண நாடி இல்லாம வேற என்ன நாடி?"

மிஸஸ் லியூ டீயைக் கீழே வைத்தாள். "ரதி சொன்னது தப்பு."

"அப்ப எது சரி? சொல்லுங்க."

"ஃபெயிலானவள் கேட்டால் சொல்வேன். அவள் கேட்கவில்லை."

"கேட்க மாட்டா. அப்பிராணி. ஊரை விட்டு ஓடி வந்தவதானேன்னு என்ன வேணா செய்யலாமா?"

மிஸஸ் லியூ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ பாஸ். வீட்டுக்குப் போ."

காரில் ஏறியும் சுந்தரிக்கு ஆறவில்லை. "இப்படி வாயை மூடிக்கிட்டே இருங்க. தலையில மிளகாய் அரைப்பாங்க."

"அரைக்கட்டும். இந்தக் கோவத்தை வீட்டை போய்ப் பிள்ளையிலை காட்டாதேங்கோ."

பரீட்சை முடிந்ததுமே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்ட ரஷ்மி சோஃபாவில் சுருண்டு கிடந்தாள்.

"கையைக் குடுடி. நானே பார்த்து எழுதி, நாளைக்கு அந்தம்மா மூஞ்சியில வீசுறேன்."

"வேண்டாம்மா."

"குடுங்கிறேன்ல."

இழுத்து வைத்து மூன்று விரலால் அழுத்தினாள். தட்டில் முத்து உருள்கிற மாதிரி வழுக்கி வழுக்கி ஓடியது நாடி. விரலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். அப்படியேதான் ஓடியது. பிள்ளை உண்டானவர்களுக்கு ஓடுகிற நாடி.

சுந்தரி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

ரஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரதி ஆன்ட்டி சொல்லிட்டாங்களா? நானா உன்கிட்டச் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னாங்களேம்மா."