ரொட்டிப் பெட்டியில் ஒரு குட்டி

டொக்.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு ஓடியது.

டொக். டொக்.

முயல் பின்னங்காலால் தரையை அறைகிற சத்தம். பயந்தால் அப்படித்தான் அறையும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

குழாயை மூடவும் தோன்றாமல், ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் இராப்பூரா பொட்டலம் கட்டிய உடம்பு. வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் ரொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சின்னச் சின்ன மேகங்கள் மாதிரி மிதந்து போயின. திறந்தால், ஊருக்குக் கிளம்ப வாசலோரம் கட்டி வைத்த அக்காவின் பை.

அக்கா தரையில் குந்தி, அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டிருந்தாள். தொழிற்சாலையில் ரொட்டி அடுக்குகிற பெட்டி. இப்போது அதில் காய்ந்த புல், புல்லுக்கு மேல் பஞ்சாக வெள்ளை ரோமம், ரோமத்துக்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒற்றைக் குட்டி. பிறந்து ஐந்து நாள். கண்கூடத் திறக்கவில்லை.

எதிர் மூலையில் தாய் முயல். வெள்ளை வெளேரென்று இருப்பதால் அதற்கு ‘மாவு’ என்று பேர்.

“பாத்தியா இதோட லட்சணத்தை?” என்றாள் அக்கா. “பெத்துப் போட்டுட்டு நாள் பூரா அந்த மூலையிலயே கிடக்கு. குட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. இதெல்லாம் ஒரு தாயா?”

“விடுக்கா. வாயில்லா ஜீவன்.”

“வாயில்லாமலா ஒரு கட்டுக் கீரையை உள்ள தள்ளுது?”

அவள் சிரிக்கவில்லை.

“நான் முயலைச் சொன்னேன்டி. உனக்கு ஏன் முகம் சுண்டுது?”

“ஒண்ணுமில்ல.”

“சரி, வாய் விட்டே சொல்லிடறேன். உன் வீட்டுக்காரர் தவறிப்போனப்போ துணைக்குன்னு வந்தவ நான். பாத்துக்கிட்டேதானே இருக்கேன்? நீ வர்றப்போ உன் பொண்ணு தூங்கறா. அவ பள்ளிக்கூடம் போறப்போ நீ தூங்கறே. அவ திரும்பி வர்றதுக்குள்ள நீ பஸ் ஏறிடறே. விடிகாலையில அவ கட்டில்கிட்டப் போய் நிக்கறியே, ஒரு நாளாவது கண்ணைத் திறந்து ‘அம்மா’ன்னு சொல்லியிருக்காளா?”

“தூங்கற பிள்ளைக்கா...”

“ஒட்டுதல் விட்டுப்போச்சுடி. என் ஊர்ல தெருமுனையிலயே பள்ளிக்கூடம் இருக்கு. என்னோட வரட்டும். லீவுக்கு வந்து பாத்துக்கோ.”

அக்கா சொன்னதில் எதைப் பொய் என்று மறுப்பது? தினமும் விடிவதற்கு முன்னால் அவள் மகளின் கட்டிலருகே மண்டியிடுவாள். கை சில்லென்று இருக்குமே என்று தொடமாட்டாள். உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பாள், போர்வையை இழுத்து விடுவாள். மிஞ்சிப் போனால் மூன்று நிமிஷம். மகள் அசையக்கூட மாட்டாள். அடித்துப் போட்டாற்போலத் தூக்கம்.

“பெரியம்மா! கையை எடு!”

மகள் ஓடி வந்தாள். பள்ளிச் சீருடை, ஒரு ஜடை பின்னி, ஒரு ஜடை பின்னாமல்.

“கையில பால் வெச்சிருக்கேன்டி. பட்டினியில சாகட்டுங்கறியா?” அக்கா சொட்டுமருந்துக் குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

“குடுக்கக் கூடாது. புரையேறிச் செத்துடும்னு மாட்டு டாக்டர் சொன்னார்ல?”

மகள் குட்டியை ரோமத்தோடு அள்ளி, சமையல் தராசில் வைத்தாள். முள் நடுங்கி நின்றது. பென்சிலை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதினாள். அங்கே ஏற்கெனவே நான்கு எண்கள் வரிசையாக இருந்தன. ஐம்பது, ஐம்பத்தேழு, அறுபத்தைந்து, எழுபத்திரண்டு. இன்றைக்கு எண்பது கிராம்.

அக்கா குனிந்து பார்த்தாள். “இதென்னடி, ஏறிக்கிட்டே போகுது! யாரு பால் குடுத்தா?”

“மாவுதான். வேற யாரு?”

“அதுவா? எப்போ?”

“விடியறதுக்கு முன்னாடி. பெட்டிக்குள்ள குதிச்சு, மூணே மூணு நிமிஷம் குடுத்துட்டு வெளியே வந்துடும். அப்புறம் கிட்டயே போகாது.”

“ஏன், கிட்ட இருந்தா என்னவாம்?”

“தாய் கூடவே இருந்தா, வாசம் பிடிச்சுப் பூனையும் நாயும் குட்டியைக் கண்டுபிடிச்சுடுமாம். காட்டுல இருந்த பழக்கம். அதான் தள்ளி உக்காந்து காவல் காக்குது. இந்த ரோமம்கூட அதோட நெஞ்சுலேருந்து பிடுங்கிப் போட்டதுதான்.”

மாவின் நெஞ்சில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ரோமமே இல்லை. அக்கா அதைச் சொறி என்று நினைத்திருந்தாள்.

ஆனாலும் தோற்க மனசில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும். விடியறதுக்கு முன்னாடி நடந்தது உனக்கெப்படித் தெரியும்? இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டியே!”

மகள் பென்சில் முனையைக் கடித்தாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவளைப் போல ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா கதவுல சாவி போடற சத்தத்துக்கே தினம் முழிச்சுடுவேன் பெரியம்மா. அம்மா படுத்தப்புறம் எந்திரிச்சுப் பெட்டியைப் பாப்பேன். அதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்தா, அம்மா தூங்கப் போகாம என்கூடப் பேசிக்கிட்டே உக்காந்துடும். அதான்... அம்மா உள்ள போய்ப் படுக்கற வரைக்கும் தூங்கற மாதிரி கிடப்பேன்.”

கூடத்தில் கால் அறைகிற சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

அக்கா எழுந்துபோய், வாசலோரம் இருந்த பையைக் காலால் உள்ளே தள்ளினாள்.

சமையலறையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய், பாதி கழுவிய டப்பாவை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.