பெருவிரலுக்கு அடியில்

புத்தாண்டு ஆராதனை முடிந்து சபையார் வெளியே வரும்போது, அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தங்களுக்குச் சொல்லும் வார்த்தையாக ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் எடுத்துக்கொள்ளும்படி கோயில் வாசலில் தட்டை ஏந்தி நிற்பது ஞானசெல்வத்தின் வேலை. சீட்டுகளில் வசனங்களை எழுதி மடித்ததும் அவள்தான். எல்லாமே ஆசீர்வாதமும் தேற்றரவும். ஒன்றில் மட்டும், கீழ்ப்படியாத பிள்ளைகள்மேல் மூளும் தேவகோபத்தை எழுதி, அதைப் பெருவிரலுக்கு அடியில் அழுத்தி வைத்திருந்தாள். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போன தங்கை எப்சிபா, ஊரில் பேசிக்கொண்டபடியே பல வருஷம் கழித்து இன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை.

எல்லாரும் போனபின் எப்சிபாவின் கை நீண்டது. பெருவிரல் விலகி, அந்தச் சீட்டு அவள் கைக்கு வந்தது.

அவள் அங்கேயே பிரித்து வாசித்தாள். முகம் வாடுவதைப் பார்க்க ஞானசெல்வம் காத்திருந்தாள். எப்சிபாவோ கண் கலங்கச் சிரித்தாள்.

"எக்கா, ஆண்டவர் என்னை எப்படி வையுதாரு பாத்தியா?"

ஞானசெல்வம் தட்டை மறு கைக்கு மாற்றினாள்.

"நீங்கள்லாம் பேசாமலே விட்டுட்டீங்க. இவரு வையுதாருல்லா! ஊரான் பிள்ளைன்னா வைவாரா? அப்ப நான் இன்னும் அவரு பிள்ளைதான்."

சீட்டை வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு தட்டில் மிஞ்சிக் கிடந்த ஒரே சீட்டை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

"இது உனக்கு. பிரி எக்கா, உங்கிட்ட என்ன சொல்லுதாருன்னு பாப்போம்."

அதுவும் ஞானசெல்வம் எழுதியதுதான். அன்பைத் தவிர அதில் வேறெதுவும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பிரிக்கத்தான் விரல் வரவில்லை.